குறை சொல்லத் தெரியாத புளோக்

பிரியாணிச் சட்டி பாலத்துப் படிக்கட்டின் நடுவில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒரு காதை மிஸ்டர் டான் பிடித்திருந்தார், இன்னொரு காதைப் பிரியா பிடித்திருந்தாள். பூங்காவைப் பற்றிக் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்க வந்த அதிகாரிகள் இருவரும். சட்டி தூக்க வந்தவர்கள் இல்லை.

மிஸ்டர் டானின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிரியாவின் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டை, சட்டி மூடியில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. மூடியைச் சுற்றிப் பூசியிருந்த மாவில் ஒரு கீறல் விழுந்து, அதன் வழியே நெய்யும் புதினாவும் கலந்த வாசனை கிளம்பி, கால்வாயோரம் மெதுவோட்டம் ஓடியவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது.

"முதுகை வளைக்காதீங்க! முட்டிய மடக்குங்க! ரெண்டு பேரும் சேந்து தூக்குங்க!" என்று மேல்படியில் நின்றபடி தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தது நான்தான். வேலை பார்த்த காலமெல்லாம் மருத்துவமனைத் தாதியாக இருந்தவள். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதே தொழில். சட்டியும் அப்படித்தான், தூக்குகிறவர் பதறினால் அதுவும் சாயும்.

கீழே, முதல் படிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் ஜமீலாக்கா. சட்டி அவருடையது, சமையலும் அவருடையது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய மருத்துவமனை வார்டு கதையைப் படித்துவிட்டு, "முன்னபின்ன தெரியாத நோயாளியப் பத்தியெல்லாம் எழுதுற, எதிர்வூட்டுக்காரிய எப்ப எழுதப் போற சரோஜா?" என்று கேட்டவரும் அவர்தான். எழுதிவிட்டேன் அக்கா. வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

காற்று வராத படம்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்களுடையது பழைய அடுக்குமாடி புளோக். முன்னால் ஒரு கால்வாய், கால்வாய்க்கு அந்தப் பக்கம் பூங்கா. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மரத்தில் உட்கார்ந்திருக்கும் மைனாகூடத் தெரியும். அவ்வளவு பக்கம். ஆனால் குறுக்கே போக ஒரே ஒரு பாலம்தான். கட்டிய காலத்தில் எல்லோருக்கும் முட்டி நன்றாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் படிகள், கைப்பிடி ஒன்று, வேறெதுவும் இல்லை.

படி ஏற முடியாதவர்கள் பெரிய சாலை வழியாகச் சுற்றிப் போகலாம். சிக்னலில் நின்று, பேருந்து நிறுத்தத்தின் கூட்டத்துக்குள் புகுந்து, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, மேடேறி, வெயிலெல்லாம் வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது, பூங்காவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாகிவிடும்.

காலையில் பூங்காவில் நடக்கும் பெண்கள் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. ஜமீலாக்கா அதன் தலைவி. எங்களில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிவிட்டார். அவர் நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் நடப்பதைக் குறை சொல்வார். "என்ன சரோஜா, கல்யாண ஊர்வலமா போற? வேகமா நட!" பூங்காவின் அந்தக் கோடிக்கும் கேட்கும் குரல்.

பிறகு ஒரு நாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் மொழியிலேயே சொல்கிறேன். வலது கை பாதி திரும்பியது. கால் திரும்பவில்லை. அவர் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்று வழியாகத் தள்ளிக்கொண்டு போனான். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்த மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே வேணாம்ப்பா. இங்கேருந்தே பாத்துக்குறேன்லா" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் மாடியின் காரிடாரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பூங்காவைப் பார்ப்பார். நாங்கள் கீழேயிருந்து கையாட்டுவோம். அவருக்காக நான் கைப்பேசியில் வீடியோ போட்டுப் பூங்கா முழுக்கக் காட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு வாரம் பார்த்தார். பிறகு, "நிறுத்து சரோஜா. படத்துல காத்து வரலையே" என்றார்.

அன்றைக்கு நான் நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டேன். மனசு சரியில்லை.

செய்தித்தாள் போர்த்திய அப்பா

பூங்காவுக்கு எதற்காகப் போகிறோம் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தனிக் கொள்கை இருந்தது. அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. விடுமுறை நாளில் எங்களுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு, அவரும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பேருந்து ஏற்றிப் பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போவார். போய்ச் சேர்ந்ததும் ஒரு மரத்தடியில் செய்தித்தாளில் பாதியை விரிப்பார். மீதிப் பாதியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

அம்மா எழுப்பவே மாட்டாள். வாரம் முழுக்க வெயிலில் வேலை செய்த மனுஷன் நிழலில் தூங்கட்டும் என்பாள். நாங்கள் புல்லில் உருண்டுவிட்டு வந்து பார்த்தால், அப்பாவின் மீசைக்கு மேல் செய்தித்தாள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் பூங்கா என்றால் பெரியவர்கள் தூங்கும் இடம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பூங்காவில் ஓடிக் காட்டியபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகமே வந்தது. அதைப் பிறகொரு வாரம் எழுதினால் அவர் சண்டைக்கு வருவார், விடுங்கள்.

வந்தவர்களுக்கு வடை

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டார்கள். பெரிய வரைபடம், வண்ண வண்ண ஒட்டுவில்லைகள், அன்பான முகங்கள். அக்கம்பக்கத்தார் பூங்காவுக்கு வந்து போக இன்னும் என்ன வசதி வேண்டும், எங்கே வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். கேட்க வந்த குழுவில் தமிழ்ப் பெண் பிரியா. அவளுடைய மேலதிகாரி மிஸ்டர் டான்.

எனக்கு ஒரே உற்சாகம். இதற்குத்தானே காத்திருந்தோம்! ஜமீலாக்காவை லிஃப்டில் இறக்கிக்கொண்டு வந்தேன். வரும்போது அவர் மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். அதில் சுடச்சுட உளுந்து வடை. மகன் பின்னால் தேநீர்க் குவளைகளோடு வந்தான்.

பிரியா முதலில் கீழ்வீட்டு அங்கிள் லிம்மிடம் கேட்டாள். அவர் வடையை மென்றுகொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்து எங்கள் நடைக் கூட்டத்துப் பெண்கள். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்கம்மா, புல்லுகூட ஒரே மட்டமா இருக்கு" என்றார்கள். பிறகு ஜமீலாக்காவின் முன்னால் வந்து குனிந்து நின்றாள்.

"ஆன்ட்டி, பார்க்குக்குப் போறது எப்படி இருக்கு? எனி ப்ராப்ளம்?"

"ஒரு கொறையும் இல்லம்மா. நீ இன்னொரு வடை எடுத்துக்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலத்தைக் காட்டி வாயைத் திறந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார் பாருங்கள். நல்ல கை அது.

மாடிக்கு வந்ததும் சண்டை போட்டேன். "கேக்குறதுக்குன்னே வந்திருக்காங்க. அவங்ககிட்ட சொல்லாம யார்கிட்டக்கா சொல்லுவீங்க?"

"அந்தப் புள்ள லீவு நாள்ல வெயில்ல அலைஞ்சு நம்ம எடத்துக்கு வந்திருக்கு. கையில வடையக் குடுத்துட்டு, இது நொட்டை அது நொட்டைன்னு சொல்றதா? எங்க வூட்ல அப்படி வளக்கல சரோஜா."

"சரி, நான் எழுதிப் போடுறேன்."

"என் காலப் பத்தி நீ எங்கயும் எழுதிப் போட வேணாம்."

எரிச்சல் ஒரு பக்கம். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் நடைக் கூட்டமும் அப்படித்தானே? அவரே வாய் திறக்காதபோது, அவர் நாற்காலிக்கு மேலாக நாங்கள் அவர் காலைப் பற்றிப் பேச முடியுமா? எல்லோரும் புல்லைப் புகழ்ந்துவிட்டு வந்திருந்தோம்.

தேக்காவில் கிடைத்த பாராட்டு

சில வாரம் கழித்துத் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் பிரியா. கை நிறைய வாழைக்காய்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியுமா? நாங்க போனதுலயே உங்க புளோக்தான் ஹேப்பியஸ்ட் புளோக். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அந்த வடையப் பத்தியேதான் பேசிட்டிருக்காங்க லா."

பூங்காவின் மறுபக்கத்து புளோக்குகளில் ஆளாளுக்குச் சத்தம் போட்டுப் புகார் சொன்னார்களாம். அதனால் புதுப் பாதையை அந்தப் பக்கம் போடலாம் என்று பேச்சாம். எங்கள் பக்கம் எல்லாம் நன்றாகவே இருக்கிறதாம். அவள் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டே போக, நான் குறுக்கிட்டேன்.

"பிரியா, அன்னிக்கு ஒரு அக்கா வடை குடுத்தாங்கல்ல, வீல்சேர்ல? அவங்களால அந்தப் பாலத்துல ஏற முடியாது. பார்க்குக்குப் போறதே இல்லம்மா."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ சாப்பிட்டுட்டு இருந்தியே!"

கறிவேப்பிலைக்காரர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரியா நல்ல பெண். உடனே சொன்னாள், "இன்னும் முடிவாகல. அடுத்த சனிக்கிழமை சமூக மன்றத்துல லாஸ்ட் செஷன் இருக்கு. அந்த ஆன்ட்டிய வந்து சொல்லச் சொல்லுங்க. நீங்க சொல்றதவிட அவங்களே சொன்னாதான் வெயிட்டா இருக்கும்."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து ஜமீலாக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார், "அங்க போனா டீ குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. கறிபஃப்கூட இருக்கும்."

"அப்ப அங்கயும் சொல்ல முடியாது. ஒருத்தர் எடத்துக்குப் போயி, அவங்க குடுத்தத தின்னுட்டு, அவங்களையே கொற சொல்லுவாங்களா யாராச்சும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "வீட்டுக்கு வந்தவங்ககிட்டயும் சொல்ல மாட்டீங்க, அவங்க எடத்துக்குப் போயும் சொல்ல மாட்டீங்க. அப்ப எங்கதான்க்கா சொல்லுவீங்க? ஆகாயத்துலயா?"

அவர் காரிடார் பக்கம் நாற்காலியைத் திருப்பி, கீழே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்தப் பாலம் யாரு வூடும் இல்லல்ல?"

சட்டி போன வழி

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை வந்தது. பூங்காவில் எங்கள் கூட்டம் சாப்பாடு வைத்திருக்கிறது, மன்றத்துக் கூட்டத்துக்கு முன்னால் எங்களோடு நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று பிரியாவுக்குச் சொல்லியனுப்பினோம். மிஸ்டர் டானும் வருவதாகச் சொன்னார். வடையின் ஞாபகம் இருந்திருக்கும்.

முதல் நாளே ஜமீலாக்கா வீடு போர்க்களமானது. அவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஏவ, மருமகளும் நானும் ஓடினோம். டப்பாக்களில் போட்டுக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னதற்கு, "டப்பால போட்டா பிரியாணி செத்துரும்" என்று ஒரே போடாகப் போட்டார். தம் உடையாமல் சட்டியோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

புளோக்கிலிருந்து பாலத்தடி வரை சட்டி தள்ளுவண்டியில் ஜம்மென்று வந்தது. அவர் நாற்காலியும் பக்கத்திலேயே ஜம்மென்று வந்தது. படிக்கட்டில் இரண்டும் நின்றன. எங்கள் கூட்டத்துப் பெண்கள் சட்டியைத் தூக்கக் குனிந்தார்கள். வயதான பெண்கள் குனிவதைப் பார்த்துக்கொண்டு மிஸ்டர் டானால் நிற்க முடியவில்லை. அவரை வளர்த்தவர்களும் நன்றாகத்தான் வளர்த்திருந்தார்கள். "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்தில் பார்த்தீர்கள். நடுப்படியில் நின்று மூச்சு வாங்கி, காது மாற்றிப் பிடித்து, நான் கத்தக் கத்த, ஒரு வழியாகச் சட்டி பாலத்தின் மேல் ஏறியது. அந்தப் பக்கம் இறங்கியது. பூங்காவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். முகம் தக்காளியாகச் சிவந்திருந்த மிஸ்டர் டான் ஒரு குறையும் சொல்லவில்லை. விருந்தாளியாயிற்றே!

கை துடைத்துக்கொண்டு அவர் சுற்றிப் பார்த்தார். "சமைத்த ஆன்ட்டி எங்கே?" என்று கேட்டார்.

பிரியா பாலத்தைக் காட்டினாள்.

அவர் திரும்ப ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். அந்தப் பக்கம் கீழே, காலியான தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், ஜமீலாக்கா தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை வீசி, "மாக்கான், மாக்கான்! போயி சாப்பிடுங்க, ஆறிப் போயிரும்!" என்று மலாயிலும் தமிழிலுமாக விரட்டினார்.

மிஸ்டர் டான் படியிறங்கி அவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். குறை ஏதும் உண்டா என்று இந்த முறை கேட்கவில்லை. "ஆன்ட்டி, நீங்கள் பூங்காவுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"நான் போறதில்லையே" என்றார் ஜமீலாக்கா.

அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை, அழவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மிஸ்டர் டான் எழுந்தார். படிகளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சிவந்துபோன தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு பாலத்தின் அந்தப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார், "பிரியா! சட்டியை இங்கே கொண்டு வந்துவிடலாம்!"

பிரியா போட்ட "ஐயோ" என் காதில் இன்னும் இருக்கிறது.

சட்டி மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. இந்த முறை அங்கிள் லிம்கூட வந்து ஒரு கை கொடுத்தார். பாலத்தடியிலேயே பாய் விரித்தோம். ஜமீலாக்கா தன் நல்ல கையால் மூடியின் மாவை உடைத்தார். ஆவி எழும்பியது. மெதுவோட்டக்காரர்கள் இரண்டு பேர் வெட்கமில்லாமல் நின்றுவிட்டார்கள், அவர்களுக்கும் தட்டு கொடுத்தோம். மிஸ்டர் டான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி ஒரு பிரியாணி நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

மன்றத்துக் கூட்டத்தில் எங்களைப் பற்றிப் பேச நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. மிஸ்டர் டானே பேசினாராம். கையை விரித்து எல்லோருக்கும் காட்டினாராம்.

பாலத்தின் மேல்

இதெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடுமா? அளவெடுக்க வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க பாலத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தது. எங்கள் நடைக் கூட்டமே சுற்று வழியில் போக வேண்டியிருந்தது. "இப்பத் தெரியுதா?" என்று மேலேயிருந்து ஒருத்தி சிரித்தாள். மன்னிக்கவும், சிரித்தார்.

ஒரு காலையில் தகரத்தை எடுத்துவிட்டார்கள். படிகளுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் நீளமான, சாவகாசமான சரிவுப் பாதை. நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜமீலாக்கா குளித்து, நல்ல பூப்போட்ட உடை உடுத்தி, அத்தர் பூசித் தயாராக இருந்தார். காரிடாரிலிருந்து எனக்கு முன்பே பார்த்துவிட்டார் போல.

தள்ளிக்கொண்டு போனேன். சரிவு கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் "நிறுத்து" என்றார். பயந்துபோய் நாடியைப் பிடித்தேன், தாதி புத்தி.

"அட, கைய விடு. நாற்காலியத் திருப்பு."

திருப்பினேன். எங்கள் புளோக்கை அண்ணாந்து பார்த்தார். மாடி மாடியாகத் தேடி, எங்கள் காரிடாரைக் கண்டுபிடித்தார். அங்கே அவர் காயப்போட்டிருந்த துண்டு ஒன்று தொங்கியது.

"எவ்வளவு சின்னதா இருக்கு சரோஜா! அதுக்குள்ளயா நான் இத்தனை நாளு உக்காந்திருந்தேன்?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தள்ளு" என்றார்.

பூங்காவில் எங்கள் கூட்டம் நடப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தது. கட்டிப் பிடித்தார்கள், அழுதார்கள், படம் எடுத்தார்கள். மரத்தடிக்குப் போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். காற்று முக்காட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு கண்ணைத் திறந்து, "என்ன எல்லாரும் என்னையே பாத்துட்டு நிக்கிறீங்க? நடங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்தக் கோடியில் தாய்ச்சி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் ஏறியது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பாடு எங்கே என்று இரண்டு முறை அழைத்துவிட்டார். எனக்கும் பசி.

"போலாமாக்கா?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இப்பத்தானே வந்தோம்" என்றார்.